லேப்டாப் சார்ஜை 80-ல் நிறுத்துவது எப்படி

லேப்டாப்பை மேசையில் வைத்து, நாள் முழுக்க சார்ஜரில் செருகியபடியே வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி இன்றைக்கே மாற்றிவிடுங்கள். லித்தியம் அயான் செல் முழுசாக நிரம்பும்போது அதன் வோல்டேஜ் 4.2-ஐத் தொடும், அந்த உச்சத்திலேயே மாதக்கணக்கில் சூட்டோடு இருந்தால் உள்ளே வேதி மாற்றங்கள் வேகமாக நடந்து கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். 80-ல் நின்றால் இந்த அழுத்தம் நன்றாகவே குறைகிறது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சார்ஜை நிறுத்துவது விண்டோஸ் இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது ஹார்டுவேரோடு சேர்ந்தே வரும் அடிப்படை மென்பொருள். ஆப் அதற்குச் சொல்லி மட்டும்தான் விடுகிறது. அதனால் கண்ட ஆப்பையும் இறக்காதீர்கள், அவற்றில் பல 80 வந்ததும் "சார்ஜரைக் கழற்று" என்று மணி அடிப்பதோடு சரி. உங்கள் லேப்டாப் கம்பெனியின் சொந்த ஆப்தான் வேண்டும்.

லெனோவோவில் வான்டேஜ் என்ற ஆப்பைத் திறந்து பவர் பகுதிக்குப் போங்கள். ஐடியாபேட் என்றால் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கும், ஆன் செய்தால் போதும், பழைய மாடல்கள் சில 60-ஐ ஒட்டியே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். திங்க்பேடில் எந்த சதவீதத்துக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற ஆரம்பிக்க வேண்டும், எதில் நிற்க வேண்டும் என்று இரண்டையும் நாமே வைக்கலாம். எனக்குப் பிடித்தது இந்த முறைதான், 75-க்கும் 80-க்கும் வைத்தால் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கியதுமே திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டிருக்காது. ஏசஸில் மைஏசஸ் ஆப்பில் 'பேட்டரி கேர்' என்று தேடுங்கள். டெல்லில் பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) 'கஸ்டம்' என்று இருக்கும், ஆரம்பம், முடிவு இரண்டையும் கொடுக்கலாம். ஹெச்பி பிசினஸ் மாடல்களில் லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்பதைப் பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை சுலபம். கேடிஇ பிளாஸ்மாவின் பவர் செட்டிங்கில் சார்ஜ் லிமிட் இருக்கிறது, 2025-இல் வந்த க்னோம் 48-லும் பேட்டரி ஆரோக்கியத்தைக் காக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் உங்கள் லேப்டாப்பின் டிரைவர் ஒத்துழைத்தால்தான் அந்த ஆப்ஷனே கண்ணில் படும்.

செட்டிங் போட்ட பிறகு "செருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை" என்று காட்டினால் சார்ஜர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள், அது லிமிட் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். 100-ல் இருக்கும்போது லிமிட்டைப் போட்டால் பல மாடல்கள் தானாக இறங்காது. சார்ஜரைக் கழற்றி 80-க்குக் கீழே வரும்வரை பேட்டரியில் ஓட்டி, அப்புறம் செருகுங்கள். ஊருக்குப் போகும் முந்தின இரவு லிமிட்டை எடுத்துவிட்டு முழுசாக ஏற்றிக்கொள்ளலாம், எப்போதாவது ஒருநாள் 100 போவதால் எதுவும் கெட்டுவிடாது. திரும்பி வந்ததும் மறக்காமல் லிமிட்டைப் போட்டுவிடுங்கள்.