பிரெஞ்சு வினைகளை அசை பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுதியதை எழுதியபடியே ஒலித்துப் பழகிய நமக்கு, பிரெஞ்சு வினைச்சொல்லையும் எழுத்தெண்ணிப் படிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பிரெஞ்சில் எழுத்தசை வேறு, ஒலியசை வேறு. வரியின் முடிவில் சொல்லை உடைப்பதற்கான பிரிப்பை உச்சரிப்புக்கு வழிகாட்டியாகக் கொள்வதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் கிளைக்கின்றன.

பேசுதலைக் குறிக்கும் 'பார்லே' என்ற வினை, நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகியோருக்கு மூன்று விதமாக எழுதப்பட்டாலும், ஒலிப்பில் எங்கும் 'பார்ல்' என்ற ஓரசைதான். 'அவர்கள்' வடிவத்தின் ஈற்றிலுள்ள ஈ, என், டி என்னும் மூன்றெழுத்தை 'ஆன்' என மூக்கொலியாகப் படிப்பதே மிகப் பரவலான தவறு. கன்னிமாடம் என்னும் பெயர்ச்சொல் 'கூவான்'. அதே எழுத்துகளால் ஆன 'அடைகாக்கின்றன' என்னும் வினையோ வெறும் 'கூவ்'. இதை வைத்து, வினையில் அம்மூன்றெழுத்து வந்தாலே ஒலிக்காது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 'அவன் வருகிறான்' என்பதில் அவை மூக்குயிராக ஒலிக்கின்றன, ஏனெனில் அது ஒருமை.

உயிரொலியில் தொடங்கும் வினையை மட்டும் தனியே பிரித்துப் பழகுவது அடுத்த பிழை. 'நேசிக்கிறான்' என்பது 'இ-லெம்', 'நேசிக்கிறார்கள்' என்பது 'இல்-ஸெம்'. முன்வரும் 'இல்' (அவன், அவர்கள்) என்னும் பதிலிப்பெயரின் ஈற்று மெய் வினையின் அசைக்குத் தாவுகிறது; பன்மையில் அது அதிர்வுள்ள 'ஸ்' ஒலியாக நின்று பன்மையைக் காட்டுகிறது. ஆகவே பதிலிப்பெயரையும் வினையையும் சேர்த்தே அசை பிரிக்க வேண்டும்.

'பட்டு', 'படு' என்று வேறுபடுத்தும் நம் நாக்கு, 'ஃபினிஸோன்' (முடிக்கிறோம்) என்பதிலுள்ள இரட்டை எஸ்ஸையும் அழுத்திவிடும். எழுத்தில் அவை இரண்டு அசைகளுக்குப் பிரிந்தாலும், ஒலி ஒன்றே: ஃபி-னி-ஸோன்.

எதிர்கால வினை வடிவங்களில் சற்று நிதானம் தேவை. 'நேசிப்பேன்' எழுத்தில் மூன்றசை, பேச்சில் 'ஏம்-ரே' என இரண்டு. ஆனால் 'பேசுவேன்' பேச்சிலும் 'பார்-ல-ரே' என மூன்றாகவே நிற்கும். நடுவிலுள்ள ஈ ஒலிக்காமல் விழுந்தால் மூன்று மெய்கள் மோதிக்கொள்ளும். பிரெஞ்சு மொழியியலாளர் மொரிஸ் கிராமோன் வகுத்த மூன்று மெய் விதி இதைத்தான் சொல்கிறது. பிரான்சின் தென்பகுதியில் அந்த ஈ பொதுவாக விழுவதில்லை என்பதால், அங்குள்ளவர் 'ஏ-ம-ரே' என்றால் அது பிழையன்று.

உயிர்க்குறியை நம்பி ஏமாறுவதும் உண்டு. 'விட்டுக்கொடுப்பேன்' என்பதன் முதல் ஈயின் மேல் பழைய எழுத்துமுறையில் மூடிய (வாயைக் குறுகத் திறந்து எழுப்பும்) ஒலிக்கான குறியே இருக்கும். ஆனால் அடுத்த ஈ விழுந்து முதலசை மெய்யில் முடிவதால், ஒலி திறந்த 'ஸெத்-ரே' ஆகிறது. 1990-இன் எழுத்துச் சீர்திருத்தம் குறியை ஒலிக்கேற்ப மாற்றியது. இரு வடிவங்களும் இன்று ஏற்கப்படுகின்றன; எதை எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றே.