பெருந்தொற்றுக் காலத்தில் எந்த அரசின் கதவைத் தட்டுவது: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

2020 ஏப்ரலில், கொரோனா பொதுமுடக்கத்தின்போது, என் அண்ணனுக்குத் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் மூன்றாவது முறையாகக் கீமோ மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கும் எங்களுக்குப் பெரிய நோய் என்றால் நாகர்கோவிலுக்கு முன்பே திருவனந்தபுரம்தான் நினைவுக்கு வரும். அந்த மாதம் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் வண்டிகள் நின்றுவிட்டன. மைனி நான்கு தாளில் ஒரு மனு எழுதி, பிரதமர், முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர் என மூவரையும் பெறுநராகப் போட்டு, ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். ஐந்தாம் நாள், "இது எங்கள் அதிகார வரம்பில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது.

அந்த ஒரே மனுவுக்குள் மூன்று கோரிக்கைகள் இருந்தன. மாவட்டத்தை விட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டும். கேரளத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதே மருந்தை ஏற்ற வேண்டும். மூன்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூன்று பேர். அன்று இரவு உட்கார்ந்து அதை மூன்று மனுக்களாகப் பிரித்து எழுதிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. அடுத்த தொற்று வரும்போது வேறு எந்த வீட்டிலும் ஐந்து நாட்கள் இப்படி வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த வேலை யாருடையது

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் உரிய பொதுப்பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. பொதுச் சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனத்தில் (பட்டியலின் வரிசை எண்ணை இனம் என்பார்கள்) உள்ளன. ஆகவே படுக்கை இல்லை, மருத்துவர் வரவில்லை, காய்ச்சல் முகாம் நடக்கவில்லை, தெருவில் மருந்து தெளிக்கவில்லை என்றால் அது மாநில அரசின் பொறுப்பு; அதன் கீழ் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சியின் பொறுப்பு. ஒன்றியப் பட்டியலின் 28-ஆவது இனம் துறைமுகங்களில் செய்யும் தனிமைப்படுத்தலையும், 81-ஆவது இனம் மாநிலங்களுக்கு இடையிலான குடிபெயர்வையும் தனிமைப்படுத்தலையும் ஒன்றிய அரசிடம் ஒப்படைக்கின்றன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப்பட்டியலின் 29-ஆவது இனம். அதில் இரண்டு அரசுகளும் சட்டம் செய்யலாம், முரண்பட்டால் பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும்.

இந்தப் பிரிவினை நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு எங்கள் கடற்கரையே சாட்சி. 2020-இல் ஈரானில் மீன்பிடி வேலைக்குச் சென்று சிக்கிக்கொண்டவர்களில் குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர்கள் ஏராளம். அவர்களை அழைத்து வருவது வெளியுறவும் கடற்படையும் சார்ந்த வேலை என்பதால், முதலமைச்சரே நினைத்தாலும் டெல்லிக்குக் கடிதம் எழுதத்தான் முடியும். இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. துறைமுக வாசலைத் தாண்டிய பிறகு, பேருந்தும் பரிசோதனையும் தங்கவைத்த இடமும் சாப்பாடும் மாநில அரசின் கணக்கு. அந்த வாசலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் மனு எழுதுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆணையின் முதல் பத்தியைப் படியுங்கள்

தொற்றுக் காலத்தில் செய்தித்தாளில் வரும் சுருக்கத்தை நம்பி மனு எழுதாதீர்கள். ஆணையின் முழு நகலை எடுத்து, முதல் பத்தியில் "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ்" என்று வரும் வரியைத் தேடுங்கள். யார் அந்த ஆணையை மாற்ற முடியும் என்பதை அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.

1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் என்று இருந்தால், அது பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம்; அதன் 2-ஆம் பிரிவு மாநில அரசுக்கும், 2ஏ பிரிவு ஒன்றிய அரசுக்கும் அதிகாரம் தருகிறது. பழைய 2ஏ கப்பல்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2020-இல் திருத்தியபோதுதான் பேருந்து, ரயில், விமானம் எல்லாம் அதற்குள் வந்தன. 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்று இருந்தால் அது முழுக்க மாநிலத்துடையது. முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது இந்தச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்தின் கீழ்தான். அந்த அபராத ரசீதில் தவறு இருந்தால் டெல்லிக்கு எழுதிப் பயனில்லை.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். 2020 மார்ச் 25 முதல் 21 நாள் பொதுமுடக்கம் வந்தது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான். சுகாதாரம் மாநிலத்தின் துறையாக இருந்தும் நாடு முழுவதும் ஒரே நாளில் கடை அடைத்ததற்குக் காரணம் இதுவே. 72-ஆம் பிரிவு இதைப் பிற சட்டங்களுக்கு மேலாக வைக்கிறது. 62-ஆம் பிரிவு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு உத்தரவிட வழி செய்கிறது. அந்த ஏப்ரலில் கேரளம் உணவகங்களையும் குறுந்தொலைவுப் பேருந்துகளையும் அனுமதிக்க முன்வந்தபோது, வழிகாட்டுதலை நீர்த்துப்போகச் செய்வதாக உள்துறை அமைச்சகம் கடிதம் எழுத, கேரளம் பின்வாங்கியது. ஒரு மாநிலத்துக்குள் கடை திறக்கும் முடிவைக்கூடத் தொலைவிலிருந்து நிறுத்தியது சரியென்று எனக்கு இன்றும் தோன்றவில்லை; ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை அறியாமல் ஆட்சியரிடம் போய் மன்றாடுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

மாநிலம் தளர்த்த முடியாது, கடுமையாக்கலாம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அதுவும் எப்போதும் பொருந்தாது. 2020 ஜூலை 29 அன்று வந்த உள்துறை ஆணை, மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் செல்லத் தனி அனுமதியோ இ-பாஸோ கேட்கக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் இருந்தது; செப்டம்பர் 1 முதல்தான் அது விலக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போக அனுமதி மறுக்கப்பட்ட ஒருவர், ஜூலை 29 ஆணையின் பத்தியை எடுத்துக்காட்டி எழுதியிருந்தால் அவர் மனுவுக்கு வேறு கனம் கிடைத்திருக்கும். ஆகவே ஒன்றிய ஆணையில் மாநிலத்தின் முடிவுக்கு விட்டிருக்கும் இடம் எது, விடாத இடம் எது என்று பென்சிலால் கோடிட்டுப் படிப்பது அவசியம்.

களியக்காவிளை

நம் மாவட்டத்துக்கு இதுதான் உயிர்ப் பிரச்சினை. தேசிய நெடுஞ்சாலை 66 இந்த ஊர் வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிறது. பக்கத்து மாநிலத்தில் நிபா என்று செய்தி வந்தாலே இங்கே காய்ச்சல் சோதனை தொடங்கிவிடும். சாவடியில் நிற்பவர்கள் தமிழ்நாட்டுக் காவல், வருவாய், சுகாதாரத் துறையினர். நூறு அடி தாண்டினால் கேரளத்தவர்கள். இருவரும் அவரவர் அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள். இந்தப் பக்கம் நிறுத்தினால் நம் ஆட்சியருக்கும், அந்தப் பக்கம் நிறுத்தினால் திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத வேண்டும். இந்த எளிய விஷயத்தை அறியாமல்தான் மைனியின் மனு திரும்பி வந்தது.

இரண்டு பக்கமும் விடாவிட்டால் என்ன செய்வது? 2020 மார்ச் இறுதியில் கர்நாடகம் கேரளத்தின் காசர்கோட்டை ஒட்டிய எல்லைச் சாலைகளை அடைத்தது. அவசர நோய்க்கு மங்களூரையே நம்பியிருந்த காசர்கோடு மக்கள் தவித்தார்கள். நம் விளவங்கோடு வட்டத்துக்குத் திருவனந்தபுரம் எப்படியோ, அவர்களுக்கு மங்களூர் அப்படி. கேரள உயர்நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று, தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தடையை நீக்கி நோயாளிகளுக்கு வழிவிடச் செய்வது ஒன்றிய அரசின் கடமை என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் போய், ஒன்றிய அரசும் இரு மாநிலங்களும் பேசி, நோயாளிகளை அனுமதிக்கும் நடைமுறை ஏப்ரல் 7-க்குள் முடிவானது. களியக்காவிளையில் அப்படி ஒரு நிலை வந்தால் இந்த முன்னுதாரணத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: தேசிய நெடுஞ்சாலை, மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை. பெறுநர் ஒன்றிய உள்துறைச் செயலர். நகல் இரு மாநிலத் தலைமைச் செயலர்களுக்கு. நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் நமக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

அண்ணனுக்கு ஏப்ரல் கடைசியில் மருந்து ஏறியது. இங்கிருந்து ஒரு தாள், அங்கிருந்து ஒரு தாள். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாவடியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

மருத்துவமனைக் குறைகள்

இங்கே அரசு ஒன்றுதான், ஆனால் வாசல் மூன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குழித்துறை மருத்துவமனை போன்றவை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநர். ஆசாரிப்பள்ளம் என்றால் மருத்துவக் கல்லூரி முதல்வர். மக்கள் டீன் என்பார்கள். மூன்றும் தனித்தனி இயக்ககங்கள் என்பதால் ஒருவர் மற்றவருக்கு உத்தரவிட முடியாது. மூன்றையும் இணைத்துப் பேசக்கூடியவர் ஆட்சியர்.

மருத்துவமனைக்குள்ளும் ஒன்றிய அரசின் கை நீளும் இடங்கள் உண்டு. பரிசோதனைக் கூடத்துக்கு ஏற்பளித்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதில் வேலை செய்தவர்களை அமர்த்தியது மாநிலம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று பங்கிட்டது ஒன்றிய அரசு. பக்கத்திலிருக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் போனது. ஆனால் வார்டில் குழாய் கசிந்தால் அது டீனின் வேலை.

தடுப்பூசியில் பொறுப்பு ஏழு வாரத்தில் கை மாறியது. 2021 மே 1 முதல் 18 முதல் 44 வயதினருக்கு மாநிலங்களே வாங்க வேண்டும் என்றார்கள்; ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே வாங்கித் தரத் தொடங்கியது. நியாயவிலைக் கடையிலும் அன்று இரட்டைக் கணக்குதான்: ஆளுக்கு 5 கிலோ கூடுதல் தானியம் ஒன்றியத்துடையது, அரிசி அட்டைக்குத் தந்த ரொக்கம் மாநிலத்துடையது. இரண்டிலும் விநியோகக் குறை என்றால் வட்ட வழங்கல் அலுவலரிடமே முதலில் போங்கள்.

கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கான 50,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம் தொகை நிர்ணயிக்கச் சொன்னது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிர்ணயித்தது. பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வந்தது. அந்த நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு முக்கால் பங்கு ஒன்றியமும் கால் பங்கு மாநிலமும் போடுகின்றன. சான்றிதழில் மரணக் காரணம் தவறாக இருந்தால் முடிவு செய்தது மாவட்ட அளவிலான குழு. இதே முறை மீண்டும் வந்தால், தொகை போதாது என்ற குறை டெல்லிக்கும், கிடைக்கவில்லை என்ற குறை நாகர்கோவிலுக்கும் போக வேண்டும்.

மனுவை எழுதும்போது

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பொருள் வரியில் ஆணையின் எண்ணும் தேதியும். முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் நீங்கள் கேட்பது, மூன்றாவதில் அதைச் செய்ய அவருக்கு உள்ள அதிகாரம். அதற்கு மேல் வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். கூட்டம் கூடாத காலத்தில் மாநில அரசுக்கு 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணும், ஒன்றிய அரசுக்கு அதன் குறைதீர் இணையதளமும் உண்டு.

எந்த அரசு என்றே தெரியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம், ஒன்றிய அலுவலகத்துக்கு அஞ்சல் ஆணையாக அனுப்பலாம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதியில் இந்த முடிவெடுத்த அலுவலரின் பதவி, ஆணையின் நகல்" என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி அவர்கள் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு 30 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம், அதை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநில விஷயமென்றால் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடமும், ஒன்றிய விஷயமென்றால் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்திடமும் போகலாம்.