தணிக்கைப் பாடத்தை மனப்பாடம் செய்யாமல் படிக்க: ஆத்தங்குடிக் கல் பட்டறையை வைத்து ஒரு செய்முறை

பி.காம். படிப்பில் தணிக்கைத் தாள் வந்ததும் பல பிள்ளைகள் நோட்ஸை நெட்டுருப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். அது வீண் பாடு. ஒருவர் காட்டுகிற கணக்கை இன்னொருவர் எதை வைத்து நம்புவது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாடம் முழுக்க வசப்படும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிக்கிறவர்களுக்குக் கண்ணெதிரே இருக்கிற உதாரணங்களோடு சொல்கிறேன்.

படி 1: யார் யாரை நம்ப வேண்டியிருக்கிறது?

நம் ஊர்ப் பெரிய வீடுகளின் பணம் ஒரு காலத்தில் பர்மா, மலேயா வட்டிக்கடைகளில் புரண்டது. முதலாளி இங்கே, கடையை நடத்தும் மேலாள் அங்கே. அங்கிருந்து வரும் ஐந்தொகையைப் பார்த்துத்தான் முதலாளி நிலவரம் அறிய வேண்டும். இன்றைக்குப் பங்குதாரர் அந்த முதலாளி இடத்திலும், இயக்குநர்கள் மேலாள் இடத்திலும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சாயாமல் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவர்தான் ஆடிட்டர். கம்பெனியின் ஊழியரோ, இயக்குநரின் நெருங்கிய உறவினரோ ஆடிட்டராக முடியாது என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141ஆம் பிரிவு சொல்வது இதனால்தான். காரணம் புரிந்துவிட்டால் பிரிவு மறக்காது.

படி 2: ஒவ்வொரு எண்ணையும் கூற்றுகளாகப் பிரியுங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு கம்பெனி, மார்ச் 31 அன்று சரக்கிருப்பு 12 லட்சம் ரூபாய் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு எண்ணுக்குள் குறைந்தது நான்கு கூற்றுகள் இருக்கின்றன: சரக்கு உண்மையில் இருக்கிறது, அது கம்பெனிக்குச் சொந்தம், எதுவும் விடுபடவில்லை, போட்ட மதிப்பு சரி.

இனிப் பட்டறைக்குள் போங்கள். கண்ணாடி மேல் சாயக்கலவை ஊற்றி வார்த்த கல் ஒருபக்கம் காய்கிறது, ஒருபக்கம் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது, மீதி சுவரோரம் அடுக்கியிருக்கிறது. தொட்டிக்குள் கிடப்பதையும் எண்ணினார்களா? இது முழுமை பற்றிய கேள்வி. அடுக்கில் ஒரு பகுதிக்கு ஏற்கெனவே பில் போட்டாயிற்று, லாரிதான் வரவில்லை. அது இன்னும் நம் சரக்கா? இது உரிமை. அதே கல் விற்பனையிலும் ஏறி இருப்பிலும் ஏறினால் லாபம் ஊதிப்போகும். ஓரம் உடைந்த கல்லுக்கும் முழு விலை போட்டிருந்தால் மதிப்பில் கோளாறு. அடக்கவிலை, விற்றால் கைக்கு வரும் நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் நிற்க வேண்டும்.

1896இல் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கில், மேலாளர் கொடுத்த இருப்புச் சான்றை நம்பிய ஆடிட்டர் பொறுப்பிலிருந்து தப்பினார். ஆடிட்டர் காவல்நாய், மோப்பநாய் இல்லை என்ற புகழ்பெற்ற வாசகம் அந்தத் தீர்ப்பில் வந்ததுதான். இன்று அந்த அளவு போதாது. இருப்பு பெரிய தொகையாக இருந்தால், எண்ணும் இடத்தில் ஆடிட்டர் உடனிருக்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 501 (எஸ்ஏ என்றால் ஆடிட்டர்கள் பின்பற்ற வேண்டிய தணிக்கைத் தரநிலை). வழக்கையும் தரநிலையையும் சேர்த்து எழுதினால் விடைக்குக் கனம் வரும்.

படி 3: எந்தத் திசையில் சரிபார்ப்பது?

தேர்வில் நிறையப் பேர் சறுக்கும் இடம். ஏட்டிலிருந்து பத்து வரிகளை எடுத்து அடுக்கில் தேடினால், இல்லாத சரக்கை எழுதியிருக்கிறார்களா என்று தெரியும். அடுக்கிலிருந்து கிளம்பி ஏட்டில் தேடினால், இருக்கிற சரக்கை விட்டிருக்கிறார்களா என்று தெரியும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

படி 4: சான்று யார் கை வழியாக வந்தது?

2009 ஜனவரியில் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். காகிதம் இருந்தது, பணம் இல்லை. எஸ்ஏ 505 படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்: வங்கியின் பதில் நேராக ஆடிட்டருக்கு வர வேண்டும். கம்பெனி மேசையைச் சுற்றி வந்தால் அதன் பலம் குறைந்துபோகும்.

படி 5: கருத்து

கடைசியில் ஆடிட்டர் தன் அறிக்கையில் கணக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். கோளாறு இருந்தால் எந்தக் கருத்து என்று முடிவுசெய்ய இரண்டு கேள்வி போதும். பிழை தெரிந்ததா, இல்லை சான்றே கிடைக்கவில்லையா? பாதிப்பு ஓரிடத்தோடு நிற்கிறதா, கணக்கு முழுக்கப் பரவியிருக்கிறதா? ஓரிடத்தோடு நின்றால் இரண்டுக்கும் வரையறுத்த கருத்து, அதாவது இந்த ஓரிடம் தவிர மற்றது சரி என்பது. பரவியிருந்தால், பிழைக்கு எதிர்மறைக் கருத்து, அதாவது கணக்கு சரியில்லை என்பது. சான்று கிடைக்காததற்குக் கருத்துக் கூற மறுப்பு. எஸ்ஏ 705இன் சாரம் இதுதான்.

அப்புறம், பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அறிக்கையில் எஸ்ஏ 701இன்படி முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எந்தக் கூற்று, எந்தத் திசை, என்ன சான்று என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். நோட்ஸை அதற்குப் பிறகு திறக்கலாம்.