பேரணி போன தெருவில் ஆளே இல்லை: கல்லூரிச் சேவை முகாம்களில் நாம் செய்யும் தவறுகள்

காலை பதினொன்றரை மணி. ஐம்பது மாணவர்கள், ஐம்பது தொப்பி, முன்னால் பேனர். ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கிழக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். தெருவில் இரண்டு ஆடுகள். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா. அவ்வளவுதான். அப்பத்தா நிமிர்ந்து பார்த்து, “ஏய்யா, தண்ணி லாரி வந்துருச்சா?” என்று கேட்டது. எங்கள் மைக் சத்தத்தை லாரிக்காரர் கூப்பிடும் சத்தம் என்று நினைத்துவிட்டது. ஊரில் மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் மில்லுக்கும் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அன்று மாலை அறிக்கையில், ‘பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) திட்ட அலுவலராக இருந்தேன். அப்போது நான் செய்ததும், பக்கத்துக் கல்லூரிகளில் பார்த்ததும்தான் இங்கே வருகின்றன. புதிதாக அந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்குப் பயன்படலாம்.

நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டையொட்டி. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், ஏறத்தாழ 40,000 மாணவர்கள். இன்றும் செப்டம்பர் 24 வந்தால் கல்லூரிகளில் என்எஸ்எஸ் தினம், சேவை வாரம் என்று களைகட்டும். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். இடையில் கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்பது திட்டத்தின் வாசகம். கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் ஆண்டில் அந்த ‘உனக்காக’ எந்தக் கோப்புக்காக என்பதைத் திட்ட அலுவலர் எல்லோரும் அறிவோம்.

கோப்பை மனதில் வைத்து நாள் குறிப்பதில்தான் முதல் கோளாறு. ரத்த தானத்தை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான தினம் என்பதால் சுற்றுவட்டாரக் கல்லூரி எல்லாம் அந்த வாரமே முகாம் போடும். பிரித்தெடுத்த தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணுக்களும் சேமிப்புத் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரைதான். ஒரே வாரத்தில் குவிந்தால் வீணாகும் ஆபத்து உண்டு. மே மாதம் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும்போது ரத்த வங்கிக்காரர்கள் ஆளாளுக்கு போன் போட்டுக் கெஞ்சுவார்கள். தேதியை நாமே முடிவு செய்துவிட்டு ரத்த வங்கிக்குக் கடிதம் அனுப்பாமல், எந்த வாரம் உங்களுக்குக் கை கொடுக்கும் என்று முதலில் அவர்களைக் கேட்டால் போதும். விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம் என்பார்கள் பெரும்பாலும். பேனரில் தினத்தின் பெயர் இருக்காது, பரவாயில்லை.

அதே முகாமில் இன்னொரு தவறு, ‘வகுப்புக்குப் பத்துப் பேர்’ என்று கணக்குப் போட்டு அனுப்புவது. தானம் செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 45 கிலோ எடை வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். முதலாமாண்டில் பல பிள்ளைகளுக்குப் பதினேழுதான். விடுதிப் பிள்ளைகள் காலைப் பொங்கலைத் தவிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று மயங்கி விழுவார்கள். ஒரு மாணவி இன்னும் கண்ணில் நிற்கிறாள். விரலில் ஊசி குத்திப் பார்த்ததில் ஒன்பது. “உனக்கே ரத்தம் இல்லம்மா, நீ போ” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் போய்ச் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அந்த முகாமில் உடனடி உதவி தேவைப்பட்டது அவளுக்குத்தான். நாங்கள் யூனிட் எண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த ஆண்டு முதல் பத்து நாள் முன்பே எடையும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டு, குறைந்தவர்களின் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள்.

மரக்கன்று நடும் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தில் குழி வெட்டி, முதல்வர் மண் தள்ளி, போட்டோ எடுப்போம். தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதிக்கு நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூனில் நட்ட கன்று நான்கு மாதம் அனலையும் ஆடிக் காற்றையும் தாங்கி நிற்க வேண்டும். கல்லூரி வளாகம் என்றால் குழாய் இருக்கிறது, கண்மாய்க் கரையில் யார் குடம் சுமப்பார்கள்? பருவமழைக்கு முன் நடலாம், அல்லது பனைக்குப் போகலாம். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விதை பொறுக்கி ஊன்றிவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

பனையிலும் நான் பாடம் படித்தேன். ஐந்நூறு விதை கரையோரம் ஊன்றினோம். தை பிறக்கும் முன் பாதிக்கு மேல் தோண்டியெடுத்து, கிழங்கை அவித்துத் தின்றுவிட்டார்கள். திட்ட முடியுமா? பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டாமா? நாங்கள் எதற்கு ஊன்றுகிறோம் என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மறு ஆண்டு ஊர்ப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டோம். கரையில் பத்தடிக்கு ஒன்று மரத்துக்கு. ஓரமாக ஒரு பாத்தியில் நெருக்கமாகப் போட்டது கிழங்குக்கு. கரையை யாரும் தொடவில்லை.

துப்புரவுப் பணியில் ஒன்றே ஒன்று. பொறுக்கிய குப்பை எங்கே போகும் என்று தெரியாமல் பொறுக்காதீர்கள். முகாமின் கடைசி நாள் பிளாஸ்டிக்கைக் குவித்துத் தீ வைத்த கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். ஊராட்சியின் தூய்மைக் காவலரிடம் முதல் நாளே பேசுங்கள். வண்டி எப்போது வரும், எதைத் தனியாக வைக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு: கண்மாய்க் கரையை ‘சுத்தம்’ செய்கிறோம் என்று மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல்லையெல்லாம் வேரோடு செதுக்கி எடுப்பது. அடுத்த மழையில் கரை அரித்தால் அது நம் சேவைதான்.

மருத்துவ முகாம் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பதோடு கை கழுவிவிடுகிறோம். சீட்டு வாங்கியவர் அதோடு எங்கே போவார்? 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம் முறையைக் கவனியுங்கள். அறுவை இலவசம் என்று சொன்னால் மட்டும் கிராமத்துப் பெரியவர்கள் வந்துவிடுவதில்லை. பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம், இரண்டு நாள் கூலி என்று எத்தனையோ தடை. அதனால்தான் கண்புரை என்று கண்டுபிடித்தவர்களை அங்கிருந்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் முறையை வளர்த்தார்கள். நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் சர்க்கரை, அழுத்தம் இருப்பவர்களின் பட்டியலை அந்தப் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் கொடுக்க முடியும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பட்டியலில் பெயர் ஏறுவதுதான் வேலை.

தொடக்க விழா பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. சிறப்பு விருந்தினருக்காக அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். நோட்டுப் புத்தகம் கொடுக்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பாதீர்கள். பொன்னாடைக் காசில் முகாம் நடக்கும் பள்ளியில் ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடலாம். ஏழு நாள் தங்கப்போகும் பெண் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்புதான். குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் என்ன, கழிப்பறை உண்டா, என்ன சாதி. ஒரு வீட்டில் அந்த அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, “போன வருசமும் இதத்தான் கேட்டீங்க. என்னத்த எழுதுனீங்கன்னு படிச்சுக் காட்டுங்க தம்பி” என்றார். பையன் முழித்தான். படித்துக் காட்ட எதுவுமில்லை. போன ஆண்டுப் படிவங்கள் துறை அலமாரியில், சணல் கட்டோடு, அவிழ்க்கப்படாமல் இருந்தன.

திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். காந்தியவாதிகளான ஜி. ராமச்சந்திரனும் சௌந்தரம் அம்மையாரும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து 1956-இல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம் அது. மாணவர்கள் கிராமத்தில் தங்குவது அங்கே பாடத்திட்டத்திலேயே உண்டு. நமக்கு ஏழு நாள்தான். ஏழு நாளுக்கு நாற்பது கேள்வி அதிகம். ஐந்து போதும், அதையும் ஊர்க்காரர்களிடமே கேட்டு முடிவு செய்யலாம். தெருவில் கோலப்பொடியால் ஊரை வரைந்து, குழாய் எங்கே, விளக்கு எங்கே எரியவில்லை என்று அவர்களையே புள்ளி வைக்கச் சொல்லிப் பாருங்கள். பெண்கள் வேலையிலிருந்து திரும்பி மூச்சு விட்ட பிறகு, மாலை ஆறரை ஏழு மணிக்கு. பேரணிக்கு வராத ஊர் அங்கே கூடி நின்று சண்டை போடும்.

கிடைத்ததைத் திருப்பிச் சொல்ல இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. முகாம் பிப்ரவரியில் என்றால் மார்ச் 22 பக்கத்தில்தான். ஊராட்சிக்கு முன்பே சொல்லி வைத்தால் இரண்டு மாணவர்கள் போய் ஐந்து நிமிடம் படிக்கலாம். நாங்கள் போனபோது கிழக்குத் தெருவில் 62 வீட்டுக்கு ஒரே குழாய் என்று ஒரு மாணவி படித்தாள். செயலர், “அறுபத்தி ரெண்டா? எங்க கணக்குல நாற்பதுதானம்மா இருக்கு” என்றார். பின்னாலிருந்து அந்த அப்பத்தா எழுந்து, “பிள்ள சரியாத்தான் சொல்லுது, எழுதுய்யா” என்றது. தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்.