லண்டன் ஸ்பவுஸ் விசா: வருமானத்தையும் வீட்டையும் காட்டுவது எப்படி? வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிள்ளைக்கு லண்டன் மாப்பிள்ளை பொருந்தி எழுத்தும் முடிந்துவிட்டால், வீட்டில் ஒரு ஃபைல் தடிக்கத் தொடங்கிவிடும். காணி உறுதி, கல்வீட்டின் படம், அப்பாவின் பாங்க் புத்தகம், கிராம சேவகரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். இது விசிட் விசாவுக்குப் போட்டுப் பழகிய பழக்கம். ஸ்பவுஸ் விசாவில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலையே இல்லை. அங்கே இருக்கும் கணவனின் அல்லது மனைவியின் வருமானத்தையும், நீங்கள் இருவரும் அங்கே இருக்கப்போகும் இடத்தையும்தான் பார்ப்பார்கள். அவர் நன்றாக உழைக்கிறாரா என்பது மட்டும் போதாது. அவர் உழைப்பது சம்பளச் சிட்டையிலும் வங்கிக் கூற்றிலும் முதலாளியின் கடிதத்திலும் ஒத்துப்போக வேண்டும். உண்மையாகவே உழைக்கிறவர்களின் விண்ணப்பங்கள் கடுதாசி பொருந்தாமல் திரும்பி வருவது பெரிய அநியாயம். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: 29,000 என்ற இலக்கம்

2024 ஏப்ரல் 11 தொடக்கம் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்ஸ் காட்ட வேண்டும். அதற்கு முன், 2012 இலிருந்து, 18,600 ஆக இருந்தது. உங்கள் மச்சாளோ ஒன்றுவிட்ட அக்காவோ போன காலத்துக் கணக்கை வைத்து இன்று விண்ணப்பிக்க முடியாது. பிள்ளைகள் இருந்தால் மேலதிகமாகக் காட்ட வேண்டும் என்றிருந்த பழைய விதி இப்போது இல்லை.

29,000 என்பது வரி கழிக்க முன் உள்ள தொகை. மாதத்துக்கு 2,417 அளவில் வரும். 2025 ஏப்ரலில் அங்கே ஆகக் குறைந்த மணிக்கூலி 12.21 பவுண்ஸ் ஆனது. அந்தக் கூலிக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் ஆண்டுக்கு 25,400 அளவில்தான் வரும். 29,000ஐத் தொட ஏறக்குறைய 46 மணித்தியாலம் வேண்டும். கலியாணம் பேசும்போதே இந்தக் கணக்கை இரு வீட்டாரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது. பிறகு இரண்டு வருடம் பிள்ளையைக் காக்கவைத்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

இங்கே பலரும் கேட்பது, "நான் ரீச்சர், எனக்கும் சம்பளம் இருக்கிறது, அதையும் சேர்க்கலாமா?" என்று. சேர்க்க முடியாது. நீங்கள் இலங்கையில் இருந்து விண்ணப்பிக்கும்போது இங்கே உழைக்கும் சம்பளம் கணக்கில் வராது. உங்கள் பெயரில் உள்ள சேமிப்பு வரும், அதைப் பிறகு சொல்கிறேன். "சித்தப்பா லண்டனில் கடை வைத்திருக்கிறார், அவர் பொறுப்பு நிற்பார்" என்பதும் பொதுவாக எடுபடாது. வேலை செய்து பெறும் வருமானம் துணைவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. துணைவர் நோய் அல்லது உடல் இயலாமை காரணமாக பிஐபி போன்ற கொடுப்பனவு எடுப்பவராகவோ, அப்படிப்பட்ட ஒருவரைப் பராமரிப்பதற்கான கொடுப்பனவு எடுப்பவராகவோ இருந்தால் 29,000 கேட்க மாட்டார்கள். வீட்டுச் செலவு போக மிஞ்சுவது இருவருக்கும் போதுமா என்று மட்டும் பார்ப்பார்கள். போரில் காயப்பட்டுப் போய் அங்கே இந்தக் கொடுப்பனவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

படி 2: அவர் எந்தப் பிரிவுக்குள் வருகிறார்?

ஒரே முதலாளியிடம் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்கிறார் என்றால் பிரிவு ஏ. இதுதான் ஆக இலகுவானது. மாதச் சம்பளக்காரர் என்றால், கடைசி 6 மாதத்தில் இருந்த ஆகக் குறைந்த சம்பள அளவை எடுத்து ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை மாதம் 2,350, ஜூலையில் கூட்டி 2,450 ஆக்கினார்கள் என்று வைப்போம். ஓகஸ்டில் விண்ணப்பித்தால் 2,450ஐப் பார்க்க மாட்டார்கள். 2,350ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 28,200. 800 குறைகிறது. புதிய சம்பளத்தில் 6 மாதம் முடியட்டும் என்று பொறுத்திருந்தால் அதே மனிதர் பிரச்சினை இல்லாமல் தேறுவார். மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்குக் கணக்கு வேறு: 6 மாதச் சம்பளத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குவார்கள்.

வேலை மாறி 6 மாதம் ஆகவில்லை என்றால் பிரிவு பி. இதில் இரண்டு கண்டங்கள் தாண்ட வேண்டும். இப்போதைய சம்பளமும் ஆண்டுக்கு 29,000 வர வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையாக உழைத்ததும் 29,000 இருக்க வேண்டும். விசாவுக்குப் போட யோசிக்கும் காலத்தில் வேலை மாற வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

சொந்தத் தொழில் செய்பவர் முடிந்த வரி ஆண்டைக் காட்ட வேண்டும். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 இல் முடியும். எஸ்.ஏ.302 என்ற வரிக் கணக்கு, வரி கட்டிய விபரம், அந்த ஆண்டுக்கான வங்கிக் கூற்றுகள் எல்லாம் வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விடயம் நம்மவர்களுக்கு மிகவும் முக்கியம். அண்ணனுடைய அல்லது மாமாவுடைய கடையில் சம்பளத்துக்கு நிற்பவர்கள் பலர். அந்தக் கடை லிமிட்டெட் கம்பனியாகப் பதியப்பட்டு, அதன் பங்குகள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தால், சாதாரண ஊழியராக அவரை எடுக்க மாட்டார்கள். 6 மாதச் சம்பளச் சிட்டை போதாது. கம்பனியின் முடிந்த நிதியாண்டுக் கணக்கும் கம்பனி வரிப் பத்திரங்களும் சேர வேண்டும். தாய் தகப்பன், சகோதரர், மாமன் மாமி, மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரர் வரைக்கும் இந்தக் குடும்பக் கணக்குக்குள் வருவார்கள். இது தெரியாமல் போட்டால் மறுப்புக் கடிதம்தான் வரும்.

படி 3: சம்பளத்துக்கான மூன்று பத்திரங்கள்

பிரிவு ஏ என்றால் 6 மாதச் சம்பளச் சிட்டை, அதே 6 மாதத்துக்கான வங்கிக் கூற்று, முதலாளியின் கடிதம். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிட்டையில் கையில் கிடைக்கும் தொகை 2,057.30 என்று இருந்தால், வங்கிக் கூற்றிலும் கம்பனியின் பெயரோடு 2,057.30 விழுந்திருக்க வேண்டும். அந்த 30 பென்ஸும் சேர்த்துத்தான். ஒரு பென்சில் எடுத்து, சிட்டையிலுள்ள ஒவ்வொரு தொகையையும் கூற்றில் தேடிச் சரி போடுங்கள். ஒரு மாதம் பொருந்தவில்லை என்றால் அதற்குக் காரணம் முதலாளியின் கடிதத்தில் வர வேண்டும்.

கடிதத்தில் கட்டாயம் வர வேண்டியவை: அவர் அங்கே வேலை செய்கிறார் என்பது, ஆண்டுச் சம்பளம், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பளம் எவ்வளவு காலமாக, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா ஏஜென்சியா என்பது. "நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்று ஒரு பக்கம் எழுதி இவற்றில் ஒன்றை விட்டால் கடிதம் உதவாது.

கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் கவனியுங்கள். காசாக வாங்குவது மட்டும் குற்றமில்லை, ஆனால் வங்கியில் போட்ட தொகைக்கு ஏற்றபடிதான் கணக்கில் எடுப்பார்கள். சம்பளத்தில் பாதி சிட்டையிலும் மீதி கையிலும் என்றால், அந்த மீதி இல்லாத காசுதான். இன்றைக்கே முதலாளியிடம் பேசி முழுச் சம்பளத்தையும் வங்கிக்குப் போடச் சொல்லுங்கள். 6 மாதம் பிந்தும். வேறு குறுக்குவழி இல்லை.

படி 4: சம்பளம் குறைந்தால் சேமிப்பு

சேமிப்பைத் தனியே காட்டுவதென்றால் 88,500 பவுண்ஸ் வேண்டும். பவுண்ஸ் ஒன்று 400 ரூபாய் என்று வைத்தால் 3 கோடி 54 இலட்சம். நம்மில் பலருக்கு இது நடக்கிற காரியமில்லை. ஆனால் சம்பளக்காரருக்குக் குறைகிற தொகையை மட்டும் சேமிப்பால் நிரப்பலாம். கணக்கு இதுதான்: குறைவதை இரண்டரையால் பெருக்கி 16,000ஐக் கூட்டுங்கள். மேலே சொன்ன 800 பவுண்ஸ் குறைவுக்கு 2,000 + 16,000 = 18,000 பவுண்ஸ் வேண்டும். சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க முடியாது.

சேமிப்பு உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ, ஒழுங்காக மேற்பார்வை செய்யப்படும் வங்கியில் 6 மாதம் கிடந்திருக்க வேண்டும். இலங்கை வங்கியிலும் இருக்கலாம். நிலையான வைப்பு என்றாலும் சரி, ஆனால் வட்டியை இழந்தாவது உடனே உடைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காசு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணா திருப்பிக் கேட்காத அன்பளிப்பாகத் தந்தால், அது 6 மாதம் உங்கள் கணக்கில் கிடந்த பிறகு செல்லும். கடன் செல்லாது. நகையை அடகு வைத்து எடுத்ததும் கடன்தான். சீட்டுக்காசு கையில் இருக்கும்வரை சேமிப்பில்லை. உண்டியலில் வந்த காசுக்கு மூலம் காட்டுவது கடினம். இனிமேலாவது வங்கியூடாக அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, காணி. காணியின் பெறுமதி எவ்வளவானாலும் விற்றுக் காசாகாதவரை கணக்கில்லை. மதிப்பீட்டாளரின் அறிக்கைக்குச் செலவழிக்க வேண்டாம். விற்றால் ஒரு நன்மை உண்டு: விற்ற காசு 6 மாதம் வங்கியில் கிடக்க வேண்டியதில்லை, காணி உங்கள் பெயரில் இருந்த காலத்தையும் அந்த 6 மாதத்தில் சேர்ப்பார்கள். உங்கள் பெயரில் என்பதைக் கவனியுங்கள். அப்பாவின் பெயரில் இருந்து விற்றால் அது அப்பா தரும் அன்பளிப்பு, 6 மாதம் பொறுக்க வேண்டும்.

வன்னியில் இதற்கு இரண்டு சிக்கல். நம் குடியேற்றத் திட்டக் காணிகள் பல உறுதிக் காணி இல்லை, பெர்மிட் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு நினைத்தபடி விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி விற்ற காசுக்கு விசா அதிகாரியிடம் காட்ட ஒன்றும் இருக்காது. இரண்டாவது, முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம். உறுதியில் 40 இலட்சம் இருக்க, வங்கியில் 90 இலட்சம் விழுந்தால், அந்த 50 இலட்சத்துக்கு மூலம் எங்கே? விசாவுக்காக விற்கிறீர்கள் என்றால் நொத்தாரிசிடம் உண்மையான விலையை எழுதச் சொல்லுங்கள், காசைக் காசோலையாக வாங்குங்கள். 2009 இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, திகதி, தொடர்பு விபரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி இருக்க வேண்டும்.

படி 5: இருக்கப்போகும் வீடு

கிளிநொச்சியில் மாடி வீடு இருப்பது இங்கே உதவாது. அங்கே நீங்கள் இருவரும் படுக்க, வேறெவரும் பங்கு கேட்காத ஓர் அறையாவது வேண்டும். தனி வீடு கட்டாயமில்லை. ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ சொந்தக்காரரின் வீட்டில் ஓர் அறை என்றாலும் செல்லும். ஆனால் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீடு சட்டப்படி நெருக்கடியாகிவிடக் கூடாது.

அந்தக் கணக்கு 1985 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. படுக்கையறைகளோடு ஹோலையும் எண்ணலாம். குசினியையும் குளியலறையையும் எண்ண வேண்டாம். 50 சதுர அடிக்குக் குறைந்த அறையும் கணக்கில்லை. ஓர் அறைக்கு 2 பேர், இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5, நான்குக்கு ஏழரை, ஐந்துக்கு 10 பேர். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை எண்ணுவதில்லை, 10 வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள்.

மூன்று படுக்கையறை, ஒரு ஹோல் உள்ள வீட்டில் மாமா, மாமி, 12 வயது மகன், 8 வயது மகள் இருக்கிறார்கள், நீங்கள் இருவரும் சேர்கிறீர்கள் என்று பாருங்கள். பெரியவர்கள் நால்வர், மகன் ஒன்று, மகள் அரை: ஐந்தரை. நான்கு அறைக்கு ஏழரை வரை போகலாம். தாராளம். இதைவிட, தம்பதிகளைத் தவிர, 10 வயதோ அதற்கு மேலோ ஆன ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்க வேண்டிவரக் கூடாது. சின்ன அறைகள் என்றால் அளவைப் பார்த்துத்தான் ஆள் கணக்கு வரும், ஆகவே அளந்து எழுதுங்கள்.

பத்திரம் என்று பார்த்தால், சொந்த வீட்டுக்கு உரிமைப் பதிவின் பிரதியும் மோட்கேஜ் கூற்றும். வாடகை வீட்டுக்கு ஒப்பந்தமும், நீங்களும் வந்து இருக்கலாம் என்று வீட்டுக்காரர் தரும் கடிதமும். சொந்தக்காரரின் வீடு என்றால் அவர் கடிதத்தில் எத்தனை அறை, யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, உங்களுக்கு எந்த அறை என்று எழுத வேண்டும். அவரே வாடகைக்கு இருப்பவர் என்றால் உண்மையான வீட்டுக்காரரின் சம்மதமும் தேவை. கவுன்சில் வரிப் பில் ஒன்றைச் சேருங்கள். வீட்டைப் பார்த்து எழுதும் சர்வேயர் அறிக்கை கட்டாயமில்லை. வீடு நிறைய ஆட்கள் உள்ளதாக இருந்தால் மட்டும் அது பெறுமதியான செலவு.

படி 6: திகதியும் அனுப்புவதும்

இணையத்தில் பணம் கட்டும் நாள்தான் விண்ணப்பத் திகதி. கடைசிச் சம்பளச் சிட்டையும் வங்கிக் கூற்றும் அந்த நாளுக்கு முந்திய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். ஆகவே சம்பளம் விழுந்து, கூற்றும் கடிதமும் கைக்கு வந்து, அதன் பிறகே பணம் கட்டுங்கள். இணையத்தில் இறக்கிய கூற்றுகளுக்கு வங்கி முத்திரை வாங்கிவிடுவது பாதுகாப்பு.

2025 ஏப்ரல் கட்டணப்படி விசாவுக்கு 1,938 பவுண்ஸ், சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105, மொத்தம் 5,043 பவுண்ஸ். கட்டும் நாளில் ஒருமுறை பாருங்கள், அடிக்கடி கூட்டுகிறார்கள். காசநோய்ச் சோதனைக்குக் கொழும்பு போக வேண்டும், ஏ1 ஆங்கிலப் பரீட்சையும் முடித்திருக்க வேண்டும்.

கொமினிகேசனில் ஸ்கேன் எடுக்கும்போது நிறத்தில், ஓரம் வெட்டுப்படாமல், ஒரு வகைக்கு ஒரு கோப்பாக எடுங்கள். மாதங்கள் வரிசையில் இருக்கட்டும்.

மறுப்பு வந்தால், கடிதத்தை முழுதாக வாசித்துக் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். பத்திரங்கள் சரியாக இருந்தும் மறுத்திருந்தால், முடிவு கிடைத்த 28 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பித்த அன்று வருமானம் உண்மையாகவே குறைவாக இருந்திருந்தால், பெரும்பாலும் 6 மாதக் கணக்கைச் சரியாக்கிப் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவான வழி.