சைகோனை நடந்தே பார்ப்பது எப்படி? முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு செய்முறை

சைகோன் என்று இன்றும் அழைக்கப்படும் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குச் செல்பவர்களில் பலர், இறங்கிய மறுநாளே, வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகளை எதிர்த்த கெரில்லாக்கள் பயன்படுத்திய கு சி சுரங்கத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். மூங்கில் பொறிகளையும் குழிகளையும் படம் பிடித்துக்கொண்டு மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். யார் யாரோடு போரிட்டார்கள், அது எப்படி முடிந்தது என்பது தெரியாமல் பார்த்தால் அது வெறும் குழிதான். ஊரை முதலில் பாருங்கள், சுரங்கம் கடைசியில் இருக்கட்டும். இந்தச் செய்முறை முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: விசா

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மின்விசா எடுக்க வேண்டும். ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர். அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். வியட்நாம் அரசின் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர்களின் தளங்களும் இருக்கின்றன, அவை இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் கடவுச்சீட்டு நம்மில் பலரிடம் உண்டு. இனிஷியலை விரித்து எழுதியவர்களும் உண்டு. கடவுச்சீட்டின் அடியில் குறியீடுகளோடு ஓடும் இரண்டு வரிகளில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, விண்ணப்பத்திலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும். விசா வந்ததும் பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எப்போது போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், ஆனால் பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். வெயில் எந்த மாதத்திலும் குறையாது, ஏப்ரலில் உச்சம். சனவரி இறுதிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும் தெத் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாதி ஊர் சொந்த ஊருக்குப் போயிருக்கும், கடைகள் அடைத்திருக்கும், டிக்கெட் விலையோ ஏறியிருக்கும்.

படி 3: பணமும் விமான நிலையமும்

வியட்நாமின் நாணயம் டோங். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங் கிடைக்கும். ஒரு சாப்பாட்டுக்கே ஐந்து இலக்கத்தில் பணம் கொடுப்பது முதல் நாள் மட்டும்தான் விநோதமாக இருக்கும். உண்மையான ஆபத்து 20,000 தாளிலும் 500,000 தாளிலும் இருக்கிறது. இரண்டும் நீல நிறம், இரண்டும் பளபளக்கும் பாலிமர். இரவு வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் நட்டம் பெரிது. 500,000 தாள்களைப் பணப்பையில் தனி அறையில் வைத்துக்கொள்வது நல்லது.

தான் சொன் நியாத் விமான நிலையத்திலிருந்து நகர மையம் ஏழு எட்டு கிலோமீட்டர்தான். வாடகை வண்டி அழைக்க உதவும் கிராப் செயலியை ஊரிலேயே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் முன்கூட்டியே திரையில் தெரியும், ரொக்கமாகவும் கொடுக்கலாம். வருகை வாயிலில் வந்து பையைப் பிடித்து இழுப்பவர்களிடம் பேச்சே கொடுக்க வேண்டாம்.

தங்குவதற்குப் பென் தான் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்கள் வசதி. 2025 ஜூலை முதல் மாவட்டப் பிரிவுகள் நிர்வாகத்தில் இல்லை என்றாலும், விடுதிகளும் ஓட்டுநர்களும் இந்தப் பகுதியை இன்னும் 'மாவட்டம் 1' என்றுதான் சொல்கிறார்கள். தேடும்போது அதையே பயன்படுத்துங்கள். புய் வியென் தெருவில் அறை மலிவாகத் தெரியும், ஆனால் விடிய விடிய ஒலிபெருக்கி அலறும். தூக்கம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 4: சாலையைக் கடப்பது

இதைக் கற்றுக்கொள்ளாமல் சைகோனில் ஒன்றும் நடக்காது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் ஓடும் ஊர் இது. இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தால் மாலை வரை நிற்க வேண்டியதுதான்.

நம் ஊரில் கையைக் காட்டிக்கொண்டே ஓடுவோம். இங்கே அது ஆபத்து. நிதானமாக இறங்கி, ஒரே வேகத்தில், நேர்கோட்டில் நடக்க வேண்டும். ஓட்டுபவர்கள் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டு முன்னாலோ பின்னாலோ விலகிப் போவார்கள். நடுவில் திடீரென ஓடினாலோ பின்வாங்கினாலோ அவர்களுடைய கணக்கு தப்பிவிடும். இந்த விதி இருசக்கர வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். கார், பஸ் வந்தால் அவை போகும்வரை நில்லுங்கள். முதல் இரண்டு தடவை, கடக்கும் உள்ளூர்ப் பாட்டி யாருக்காவது அருகிலேயே ஒட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் தப்புப் பண்ண மாட்டார்கள்.

கைபேசியைச் சாலை ஓரத்தில் கையில் பிடித்தபடி வரைபடம் பார்க்காதீர்கள். வண்டியில் வந்து பறித்துச் செல்பவர்கள் உண்டு. சுவர்ப் பக்கம் ஒதுங்கிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.

படி 5: முதல் காலை, அஞ்சலகத்திலிருந்து அரண்மனை வரை

ஏழரை, எட்டு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் மத்திய அஞ்சலகம். 1886-க்கும் 1891-க்கும் இடையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. ஈஃபில் கோபுரத்தின் ஈஃபில் வடிவமைத்தது என்று வழிகாட்டிகள் பலர் சொல்வார்கள், அது தவறு. கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் ஃபுலு. வளைந்த இரும்புக் கூரைக்குக் கீழே, இருபுறச் சுவர்களிலும் பழைய நிலப்படங்கள் இரண்டு தீட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று பழைய சைகோனும் சுற்றுப்புறமும், மற்றது தென் வியட்நாம், கம்போடியாவின் தந்தித் தடங்கள். அஞ்சலகம் இன்றும் இயங்குகிறது, வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போடலாம். எதிரே நிற்கும் செங்கல் தேவாலயம் 1880-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2017-இல் தொடங்கிய சீரமைப்பு நீண்டுகொண்டே போகிறது, வெளியிலிருந்து பார்த்தால் போதும். பக்கத்துப் புத்தகத் தெருவில் நிழல் உண்டு.

அங்கிருந்து சில நிமிட நடையில் விடுதலை அரண்மனை. இங்கே அவசரப்படாதீர்கள். இதே இடத்தில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் மாளிகையை 1962 பிப்ரவரியில் தென் வியட்நாமின் சொந்த விமானிகள் இருவரே குண்டுவீசிச் சிதைத்தார்கள். குறி அதிபர் நோ தின் சியெம். அவர் தப்பித்து, புது அரண்மனை கட்ட உத்தரவிட்டார். ஆனால் அது முடியும் முன்பே, 1963 நவம்பரில் ராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். நோ வியெத் து வடிவமைத்த இன்றைய கட்டடம் 1966-இல் திறக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கிகள் இதன் வாயிலை இடித்துக்கொண்டு நுழைந்தபோது போர் முடிந்தது. தோட்டத்தில் நிற்கும் டாங்கிகள் அதே ரகத்தைச் சேர்ந்தவை, அசல் அல்ல.

வரவேற்பறைகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். கீழ்த்தளப் பதுங்கு அறைதான் முக்கியம். சுவர் நிறைய போர் வரைபடங்கள், வரிசையாகத் தொலைபேசிகள், குறுகிய இரும்பு நடைவழிகள். மேலே மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் நிற்கிறது. பிற்பகல் நடுவிலேயே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

நடுப்பகலில் வெளியே திரிவது வீண். அறைக்கோ ஒரு காப்பிக் கடைக்கோ போய்விடுங்கள். கெட்டிப்பாலும் பனிக்கட்டியும் சேர்த்த கா ஃபே சுவா தா, ரொபஸ்டா கொட்டையில் போட்டது. நம் டிகிரி காப்பியை எதிர்பார்க்காமல் குடித்தால் பிடித்துப்போகும்.

படி 6: அம்மன் கோயில்

வெயில் தாழ்ந்ததும் பென் தான் சந்தைக்கு அருகே துருவாங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் பகுதிகளிலிருந்து வணிகத்துக்காகச் சென்ற தமிழர்கள் எழுப்பியது. இன்று வழிபட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், கருவறையின் பின்புறக் கற்சுவரில் நெற்றியையும் கைகளையும் பதித்து வேண்டிக்கொள்கிறார்கள். ஓட்டுநரிடம் 'சுவா பா ஆன்' என்றால் போதும். தோன் தாத் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது, அங்கே கூட்டம் குறைவு.

படி 7: சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கலே இல்லை. கோம் தாம் எனப்படும் நொய்யரிசிச் சோற்றோடு சுட்ட பன்றி இறைச்சி இந்த ஊரின் அடையாளம். பன்றியும் மாடும் வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சைவர்கள் 'சாய்' என்ற பெயர்ப்பலகையைத் தேடுங்கள். சாய் கடைகளில் மீன்சாற்றுக்குப் பதில் சோயா சாறு ஊற்றுவார்கள். மற்ற கடைகளில் வெறும் கீரை வதக்கலில்கூட மீன்சாறு இருக்கும், 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அது வந்தே தீரும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் பௌத்தர்கள் சைவம் உண்ணும் நாள்கள், அன்று எங்கும் சாய் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

படி 8: போர் நினைவு அருங்காட்சியகம்

இரண்டாம் நாள் காலையை இதற்கே ஒதுக்குங்கள். முற்றத்தில் விமானங்களும் டாங்கிகளும் நிற்கும். பலரும் அங்கேயே படம் எடுத்துக் களைத்துவிட்டு மேலே ஓடி வருவார்கள். நேரே மேல்தளத்துக்குப் போய், போரில் இறந்த செய்திப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்களிலிருந்து தொடங்குங்கள். இரு தரப்புப் புகைப்படக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அமெரிக்கப் படை தெளித்த நச்சுக் களைக்கொல்லியான ஏஜென்ட் ஆரஞ்சின் பாதிப்புகளைக் காட்டும் கூடத்துக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். எழுத்துகள் வென்றவர்களின் குரலில் இருக்கும், படங்களோ எந்தத் தரப்புக்கும் சலுகை காட்டுவதில்லை.

அன்று மாலை மனம் வேறெதையாவது தேடினால் சோலோன் பகுதிக்கு வண்டி பிடியுங்கள். சீனர்களின் தியென் ஹாவ் கோயிலில் சுருள் ஊதுபத்திகள் கூரையிலிருந்து தொங்கும். நேரம் மிஞ்சினால் 2024 டிசம்பரில் தொடங்கிய மெட்ரோவில் பென் தானிலிருந்து ஓர் ஓட்டம் போய்வரலாம், பெரும்பகுதி மேம்பாலத்தில் ஓடுவதால் நகரம் விரிந்து தெரியும்.

படி 9: இப்போது கு சி

பார்வையாளர்களுக்கு இரண்டு இடங்கள் திறந்திருக்கின்றன. பென் தின் அருகில், கூட்டம் அதிகம். பென் துவாக் தொலைவு, ஆனால் நிதானமாகப் பார்க்கலாம். அரைநாள் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் பென் தினுக்குத்தான் போகும், முன்பதிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே ஊர்ந்து போகும் பகுதியைப் பயணிகளுக்காக அகலப்படுத்தியிருக்கிறார்கள், அப்படியும் முழங்கால் வலி உள்ளவர்களும் மூடிய இடத்தில் மூச்சுத் திணறுபவர்களும் தவிர்ப்பது நல்லது. அழுக்கானாலும் கவலையில்லாத உடை போடுங்கள். காலைச் சுற்றுலாவையே எடுங்கள். திரும்பும் வழியில் நெரிசல் கணக்குக்கு அடங்காது, அன்று மாலையே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.