மலையில் இருக்கும் லேத்துக்கு டிஆர்ஓ வாங்குகிறவர்களுக்கு

டிஆர்ஓ என்பது லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) டூலைத் தாங்கிய ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து திரையில் எண்ணாகக் காட்டும் கருவி. வீட்டு லேத்துக்கு எந்த டிஆர்ஓ வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளே படத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எத்தனை பட்டன் இருக்கிறது, கலர் திரையா, அளப்பது இரண்டு ஆக்சிஸா (திசையா) மூன்றா என்று. அது கடைசியில் பார்க்க வேண்டிய சமாச்சாரம். அளப்பது ஸ்கேல், அதாவது நகரும் பாகத்தின் ஓரமாக மாட்டும் அளவுப் பட்டை. டிஸ்ப்ளே அதிலிருந்து வரும் துடிப்புகளை எண்ணிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் எந்த வகை ஸ்கேல், அது லேத்தில் எங்கே உட்காரும் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: ஈரம்.

என் லேத் கோத்தகிரியில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மூடுபனி இறங்கும். இராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. காலையில் வெயில் வந்ததும் கதவைத் திறந்தால் வெளியே இருக்கிற ஈரக் காற்று உள்ளே வந்து அந்தக் குளிர்ந்த இரும்பில் படும், லேத்தின் அடிப்பாகமான பெட் முழுக்க வேர்த்துவிடும், கையால் வழித்தால் தண்ணீர் வரும். டிஜிட்டல் வெர்னியர் போலவே வேலை செய்கிற, பட்டன் பேட்டரி போட்ட மலிவான ஸ்கேல் ஒன்றைத்தான் முதலில் மாட்டினேன். வெயில் காலத்தில் நன்றாகவே ஓடியது. மழை வந்ததும் ஸ்லைடைத் தொடாமலே எண் குதிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரிங் சீட்டிங் அளவு போனது அதனால்தான்.

காரணம் எளிது. அந்த வகை ஸ்கேல் மின்தேக்கத்தின் மாற்றத்தை வைத்து அளக்கிறது. ஸ்கேலுக்கும் அதன் மேல் ஓடிப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு படலம் தண்ணீரோ கூலன்டோ போனால் கணக்கு கெட்டுவிடும். அதோடு இவை பெரும்பாலும் 10 மைக்ரான்தான் காட்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டெயில்ஸ்டாக் (துண்டின் மறுமுனையில் நிற்கும் பாகம்) குயிலில், அதாவது அதிலிருந்து நீளும் தண்டில், மாட்டித் துளையின் ஆழம் பார்க்க நல்லது, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு வேண்டாம்.

அடுத்தது கண்ணாடி ஸ்கேல். அலுமினியப் பெட்டிக்குள் கண்ணாடிப் பட்டை, அதில் பொதுவாக 20 மைக்ரானுக்கு ஒரு கோடு, ஒளியை வைத்துப் படிக்கிறது. ஒரு கோட்டை நான்காகப் பிரித்து எண்ணினால் 5 மைக்ரான், இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் 1 மைக்ரான். விலைக்கு ஏற்ற துல்லியம் இதில் கிடைக்கிறது, கீழே கோயம்புத்தூரில் சுலபமாக வாங்கலாம், கெட்டால் ஸ்கேலை மட்டும் மாற்றலாம். ஆனால் பெட்டியின் ஒரு பக்கம் ரப்பர் உதடுகளால் மட்டுமே மூடியிருக்கும். அந்தப் பக்கத்தை மேலே பார்க்க மாட்டினால் எண்ணெயும் தூளும் நேரே உள்ளே போகும், எப்போதும் கீழே பார்க்கட்டும், முடியாவிட்டால் பின்புறம். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடி உள்ளேயே பனிக்கும், பனித்தால் ஒளி சிதறி எண்ணிக்கை தவறும்.

மூன்றாவது மேக்னடிக் ஸ்கேல். காந்தக் கீற்றுகள் பதிந்த ஒரு டேப், அதன் மேல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தொடாமல் ஓடும் ஒரு சின்ன ஹெட். தண்ணீர், எண்ணெய், பனி எதுவும் இதைப் பெரிதாகப் பாதிக்காது. டேப்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், இடமும் குறைவாகவே பிடிக்கும். விலை கூடுதல். வார்ப்பிரும்புத் தூள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலே ஒரு மறைப்புத் தகடும் வேண்டும். டயல் கேஜின் மேக்னட் ஸ்டாண்டை மட்டும் மறந்தும் டேப் பக்கத்தில் வைக்கக்கூடாது, பதிந்த கீற்று அழிந்தால் அந்த டேப் போனதுதான்.

நான் இப்போது வைத்திருப்பது கிராஸ் ஸ்லைடில் 1 மைக்ரான் மேக்னடிக், நீளவாக்கில் 5 மைக்ரான் கண்ணாடி. பணம் குறைவு என்றால் கிராஸ் ஸ்லைடை மட்டும் முதலில் செய்யுங்கள். விட்டம் அங்கேதான் பிறக்கிறது. ஸ்லைடு 5 மைக்ரான் நகர்ந்தால் விட்டத்தில் 10 மைக்ரான் போகும், ஆகவே அங்கே 5 மைக்ரான் ஸ்கேல் போட்டால் விட்டம் 0.01, 0.02 மில்லிமீட்டர் என்றுதான் தாவும், நடுவில் எதையும் பார்க்க முடியாது. சாடில் (கிராஸ் ஸ்லைடைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் பாகம்) ஓடும் நீளவாக்கில் தோள் அளவுக்கும் முகம் சீவுவதற்கும் 5 மைக்ரான் தாராளம்.

1 மைக்ரான் காட்டுகிறது என்பதால் 1 மைக்ரானுக்குக் கடைகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11 அல்லது 12 மைக்ரான் விரியும், அலுமினியம் 23. அதாவது 50 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 10 டிகிரி சூடானால் விட்டம் 11 மைக்ரானுக்கு மேல் மாறிவிடும். மார்கழிக் காலையில் தொடங்கி மதியம் முடிக்கும் வேலையில் ஷெட்டின் வெப்பமே அவ்வளவு ஏறும், கடையும் சூடு தனி. கடைசி கட் போடுவதற்கு முன் துண்டு ஆறட்டும்.

வாங்குவதற்கு முன் லேத்தையும் ஒரு முறை பாருங்கள். டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் டயல் கேஜ் முள்ளை வைத்து ஸ்லைடைக் கையால் தள்ளி இழுத்தால் எவ்வளவு ஆட்டம்? டிஆர்ஓ, ஸ்லைடைத் தள்ளும் லீடு ஸ்க்ரூவின் பேக்லாஷை (திசை மாற்றும்போது வரும் வெற்று ஓட்டத்தை) கணக்கிலிருந்து எடுத்துவிடும், அது பெரிய நிம்மதி, ஆனால் ஜிப் (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்ந்து ஸ்லைடு கோணினால் அதை அதனால் பிடிக்க முடியாது, ஏனென்றால் ஸ்கேல் தான் மாட்டியிருக்கும் இடத்தை அளக்கிறது, டூலின் முனையை அல்ல. முதலில் ஜிப்பை இறுக்குங்கள். டிஆர்ஓ வந்த பிறகும் அளவுக்கு ஒரே திசையிலிருந்து வாருங்கள், வெட்டும் விசை அந்த பேக்லாஷுக்குள் ஸ்லைடை இழுத்துவிடும்.

எஸ்டேட் பட்டறைகளில் இருந்து வெளியே வரும் பழைய இங்கிலாந்து லேத் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். டயல் இஞ்சில் இருக்கும், டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் 25.4-ஆல் பெருக்கிப் பெருக்கி எங்கேயாவது தப்பு வரும். ஒரு பட்டனில் அந்தத் தொல்லை தீர்கிறது.

சரி, இடம். சின்ன லேத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கிராஸ் ஸ்லைடின் சக் (துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) பக்கம் ஸ்கேல் வைத்தால் சூடான சுருள் வந்து விழும், பெரிய சக்காக இருந்தால் தட்டவும் கூடும். டெயில்ஸ்டாக் பக்கம் வைத்தால் டெயில்ஸ்டாக் முன்புபோல் கிட்டே வராது, சாடில் லாக் போல்ட்டும் பல லேத்தில் அந்தப் பக்கம்தான், ஜிப் ஸ்க்ரூவும் மறைந்துபோகலாம். நான் டெயில்ஸ்டாக் பக்கத்தைத்தான் எடுத்தேன். சுருளில் வெந்துபோவதைவிட டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே நீட்டிக்கொள்வது மேல்.

எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. விற்பவரிடம் ஸ்கேலின் அகலம், உயரம், முழு நீளம் மூன்றும் கேட்டு வாங்கி, அதே அளவில் ஒரு மரச் சட்டம் சீவி, இரட்டைப் பக்க டேப்பால் ஸ்லைடில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே வேலை செய்யுங்கள். சக் கார்டு திறக்கிறதா, லாக் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகிறதா, ஸ்லைடு இரண்டு முனைக்கும் முழுதாக ஓடுகிறதா, எல்லாம் தெரிந்துவிடும். வார்ப்பில் துளை போட்ட பிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல். கண்ணாடி ஸ்கேலின் பெட்டி அது அளக்கும் நீளத்தைவிட 100 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அளக்கும் ஸ்கேலே வேண்டும். ஓட்டத்தின் முனையில் ஹெட் பெட்டியை இடித்தால் கண்ணாடி உடையும்.

மாட்டும்போது டயல் கேஜை ஸ்கேலின் மேல் ஓட்டி இணையாக இருக்கிறதா என்று இரண்டு தளத்திலும் பாருங்கள். 100 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அளவில் வரும் பிழை 5 மைக்ரான்தான். அதை விடப் பெரிய கேடு, சாய்ந்த ஸ்கேலில் ஹெட் இழுபட்டுத் தேய்வது. 0.1 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பிராக்கெட்டை மெல்லிய தகரத்தில் செய்யாதீர்கள். அது வளைவதும் அளவாகவே திரையில் வரும்.

டிஸ்ப்ளேயில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆரம், விட்டம் மாற்றும் வசதி கட்டாயம். ஏபிஎஸ், இன்க் மாற்றம் (நிலையான பூஜ்யத்திலிருந்தா, நாம் இடையில் வைத்த பூஜ்யத்திலிருந்தா என்று மாற்றுவது), டூல் ஆஃப்செட் நினைவு (ஒவ்வொரு டூலின் முனை வித்தியாசத்தையும் நினைவில் வைப்பது) இரண்டும் இருந்தால் வேலை வேகமாகும், குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் இருந்தால் ஆஃப்செட் இல்லாமல் வாங்காதீர்கள். மூன்றாவது ஆக்சிஸ் காம்பவுண்டுக்கு, அதாவது கிராஸ் ஸ்லைடின் மேல் கோணம் மாற்றி வைக்கும் சின்ன ஸ்லைடுக்கு. நான் விட்டுவிட்டேன், காம்பவுண்டை லாக் செய்தே வைத்திருக்கிறேன். ஸ்கேலின் சிக்னல் டிடிஎல் (5 வோல்ட் துடிப்பு) வகையா, பிளக்கின் பின் வரிசை என்ன என்று எழுதி வாங்குங்கள், நாளைக்கு வேறு கம்பெனி ஸ்கேல் மாட்ட அது வேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். காற்று மழையில் மரம் விழுந்தால் இங்கே மணிக்கணக்கில் வராது. பெரும்பாலான டிஸ்ப்ளே கடைசி எண்ணை நினைவில் வைக்கும், ஆனால் அந்த நேரத்தில் ஸ்லைடை நகர்த்தினால் அதற்குத் தெரியாது. ரெஃபரன்ஸ் குறி உள்ள ஸ்கேல் என்றால் அந்தக் குறியைக் கடந்து போய் பழைய பூஜ்யத்தை மீட்கலாம். நான் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ்ஸில் டிஸ்ப்ளேவை மட்டும் போட்டிருக்கிறேன். சிங்கிள் பேஸில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) வைத்து மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஸ்கேல் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், லேத்தையும் டிஸ்ப்ளேவையும் ஒழுங்காக எர்த் செய்யுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் எண் துடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த எர்த்தைத்தான்.

ஈரத்துக்கு நான் செய்வது: பெட்டுக்கு அடியில் ஒரு 60 வாட் குண்டு பல்ப் இராத்திரி எரியும், இரும்பு காற்றைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருந்தாலே வேர்க்காது. மேலே பிளாஸ்டிக் ஷீட் போடுவதை நிறுத்திவிட்டேன், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. பழைய பருத்திப் போர்வை போதும். பல்ப் அதைத் தொடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஒரு துண்டை லேசாகக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த விட்டத்தை டிஸ்ப்ளேயில் போடுங்கள். அங்கிருந்து சரியாக 2.00 மில்லிமீட்டர் குறைய, இரண்டு மூன்று கட்டாக எடுத்து, ஆறவிட்டு, மறுபடி அளங்கள். வித்தியாசம் வந்தால் உடனே டிஸ்ப்ளேயின் திருத்தும் மெனுவுக்குள் போகாதீர்கள். விட்டம் 4.00 குறைந்திருந்தால் ஆரம், விட்டம் பட்டன் மாறியிருக்கிறது. சில மைக்ரான் மட்டும் அங்கே இங்கே போனால் பிராக்கெட் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு இன்னொரு துண்டு கடையுங்கள்.